பனி உருகப் பாலையாகும் மலை

குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என நிலத்தை ஐவகையாகப் பகுத்தனர் நம் முன்னோர். நீர்வளம் குன்றினால் குறிஞ்சியும் முல்லையும் பாலையாகும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். வெயிலின் கொடுமையால் நிலம் பாலையாதல் இயல்பு. பனி உருகுவதாலும் ஒரு நிலம் வறண்டு பாலையாகுமோ? ஆகும். அவ்வியப்பை இங்குக் காண்போம்.

தருமபுரி மாவட்டத்து வத்தல்மலையில் மார்கழி விடியற்காலத்தே குளிர் உடலை நடுக்கும். கதிரவன் எழுந்தபின் அஃது அகன்றுவிடும். இமயத்திற்கு வடக்கே உள்ள உயர்நிலங்களிலோ மண்ணே உறைந்து கிடக்கும். ஈராண்டோ அதற்கு மேலோ இடையறாது 0 பாகை செல்சியஸ் அல்லது அதற்கும் தாழ்ந்த வெப்பநிலையில் இருக்கும் நிலத்தை 'நிலைத்த உறைநிலம்' எனலாம். கோடையில் அதன் மேல்மண் மட்டும் இளகும். அம்மண்ணிலேதான் புல்லும் பூண்டும் வேரூன்றிச் சில திங்களுக்குள் தளிர்த்துப் பூத்துக் காய்க்கின்றன.

அடியில் உறைந்த மண் அவற்றிற்குப் பகையன்று, துணையே ஆகும். எங்ஙனம்? நம்மூர் ஏரியை எண்ணிப் பாருங்கள். அடியிலுள்ள களிமண் நீரைக் கீழே இறங்கவிடாது தாங்குகிறது. அக்களிமண் இல்லையேல் ஏரியில் நீர் தங்குமோ? உறைநிலமும் அத்தகையதே. மழைநீரையும் பனிநீரையும் வேருக்கு எட்டும் அளவில் அது நிறுத்தி வைக்கிறது.

நிலக்கரியும் எண்ணெயும் மிகுதியாக எரிக்கப்படுவதால் புவியின் வெப்பம் ஏறுகிறது. உறைநிலமும் ஆழமாக இளகுகிறது. தொடக்கத்தில் செடிகட்கு நீரும் ஊட்டமும் மிகுதியாகக் கிட்டலாம். நாளடைவில் நீர் ஆழத்திற்கு இறங்கிவிட, மேல்மண் வறள்கிறது. திபெத்துப் பீடபூமியில் ஈரப் புல்வெளிகள் சில வறண்ட புல்நிலங்களாக மாறியதை ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். ஈரத்தை நாடும் கோரையினங்கள் குறைய, வறட்சியைத் தாங்கும் செடிகள் அவ்விடத்தைப் பற்றிக்கொள்கின்றன. பனிக்கட்டி மிகுந்த சரிவுகளில் நிலம் உள்வாங்கிச் சரிய, புல்வெளி கிழிபடுகிறது. நெடுங்காலம் மட்காது உறைந்து கிடந்த தாவரப் பொருள்கள் மட்கிக் கரியமில வாயுவை வெளிவிட, வெப்பம் மேலும் ஏறுகிறது.

அப்பீடபூமியின் மேற்கு நீட்சியே நம் நாட்டு லடாக்கிலுள்ள சாங்தாங். பஷ்மினா என்னும் மென்மயிர் தரும் ஆடுகளை மேய்த்து அங்கே வாழ்வோர் சாங்பா மக்கள். புல் குன்றின் ஆடு குன்றும். ஆடு குன்றின் அவர்தம் வாழ்வு குன்றும்.

கண்ணுக்குப் புலனாகும் பசுமை, கண்ணுக்குப் புலனாகாத அடிநிலத்தைப் பற்றி நிற்பது. மாணவர்களே, மலையுச்சியின் குளிர்ச்சியும் உயிர்களுக்கு ஒரு செல்வம் என உணருங்கள்.