தொலைதூர வானொலிக்கு எந்த ஏரியல்?

மத்திய அலை வானொலியில் பகலில் அக்கம்பக்கத்து நிலையங்கள்தான் கேட்கும். இருட்டிய பிறகு ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள நிலையங்களும் வந்து சேரும். பகல் வெயிலில் உருவாகும் அயனி மண்டலத்தின் அடியடுக்கு இந்த அலைகளை உறிஞ்சிவிடுகிறது. பொழுது சாய்ந்ததும் அந்த அடுக்கு மறைய, மேலடுக்குகள் அலைகளைத் தரைக்குத் திருப்பி அனுப்புகின்றன.

ஏரியல் நீளமாக இருந்தால் தூரத்து நிலையம் தெளிவாகக் கேட்கும் என்று பலரும் நம்புகிறார்கள். இது பாதிதான் உண்மை. நீண்ட கம்பி நிலையத்தைப் பிடிக்கும்போதே எல்.இ.டி. விளக்கு, செல்போன் சார்ஜர், தொலைவில் வெட்டும் மின்னல் எல்லாவற்றின் இரைச்சலையும் சேர்த்துப் பிடிக்கும். நல்ல ரேடியோவுக்கு அலையின் வலிமை பெரும்பாலும் ஒரு குறையே இல்லை, இரைச்சல்தான் குறை. எனவே வேண்டாததை விலக்கும் ஏரியலே சிறந்தது.

டிரான்சிஸ்டரின் உள்ளேயே அப்படி ஒன்று இருக்கிறது: செம்புக் கம்பி சுற்றிய கறுப்பு ஃபெரைட் தண்டு. பக்கவாட்டில் வரும் அலையை அது நன்றாக வாங்கும். முனைக்கு நேரே வருவதை ஏறக்குறைய விட்டுவிடும். ரேடியோவை மேசையில் மெல்லத் திருப்பினால் ஒரு கோணத்தில் ஒலி சட்டென்று அடங்குவதைக் கேட்கலாம். ஒரே அலைவரிசையில் இரண்டு நிலையங்கள் மோதும்போது, தொல்லை தரும் நிலையத்தின் பக்கம் தண்டின் முனையைக் காட்டினால் மற்றது மேலெழும். வெளியே இழுத்து நீட்டும் குச்சி ஆன்டெனா பெரும்பாலான ரேடியோக்களில் மத்திய அலைக்கு உதவாது.

அடுத்த படி, லூப் ஏரியல். அறுபது சென்டிமீட்டர் பக்கமுள்ள மரச்சட்டத்தில் பத்துச் சுற்றுக்கு அருகில் கம்பி சுற்றி, பழைய ரேடியோவில் நிலையம் மாற்றச் சுழலும் கேங் கண்டன்சரை அதன் இரு முனைகளில் இணைத்தால் போதும். ரேடியோவைச் சட்டத்தின் அருகே வைத்து, கேங்கை மெல்லச் சுழற்ற வேண்டும். கம்பித் தொடர்பே இல்லாமல், முணுமுணுத்துக்கொண்டிருந்த நிலையம் ஓரிடத்தில் நிமிர்ந்து ஒலிக்கும். சட்டத்தின் விளிம்பு நிலையத்தை நோக்கியிருக்க வேண்டும். அதன் முகப்பு காட்டும் திசையில் வரும் அலை ஒடுங்கும். செலவுக்கும் பலனுக்கும் இதற்கு இணையானது இல்லை.

நிலமுள்ளவர்களுக்கு பெவரேஜ் ஏரியல் உண்டு. அமெரிக்கப் பொறியாளர் ஹெரால்ட் பெவரேஜ் வகுத்த இது, தரையிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் உயரத்தில் நேராக இழுத்துக் கட்டும் கம்பி. நிலையத்தின் பக்கமுள்ள முனையை ஏறக்குறைய 450 ஓம் மின்தடை வழியாக எர்த் செய்தால் அந்தத் திசையை மட்டும் விரும்பிக் கேட்கும். 1921 டிசம்பரில் அமெரிக்க வானொலி ஆர்வலர் பால் காட்லி ஸ்காட்லாந்தின் ஆர்ட்ராசனில் இதைக் கட்டி, அட்லாண்டிக்குக்கு அப்பாலிருந்து அமெரிக்க அமெச்சூர் வானொலியாளர்கள் அனுப்பிய மோர்ஸ் சைகைகளைக் கேட்டார். ஆனால் நீளம் ஓர் அலைநீளமாவது வேண்டும். சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸுக்கு அது ஏறக்குறைய 416 மீட்டர்.

அடுக்குமாடி வாசிகளுக்கு லூப்பே போதும். தோட்டத்தில் நீளக் கம்பி கட்டுபவர்கள் மின்கம்பிகளை விட்டு வெகுதூரம் விலகியே கட்ட வேண்டும். இடி மின்னலுக்கு முன்பே அதை ரேடியோவிலிருந்து கழற்றிவிட வேண்டும்.