கும்போவும் வர்க்கமும்: லூசியானாவின் உணவு மரபுகள் பற்றிய ஒரு குறிப்பு

ஒரு சமூகத்தின் உணவு முறையை ஆராயப் புகுவோர் சுவையையும் செய்முறையையும் விவரிப்பதோடு அமைந்துவிடுதலே பெருவழக்கு. எதை உண்டனர் என்ற வினாவுடன் யார் விளைத்தனர், யார் சமைத்தனர், யார் உண்டனர் என்ற வினாக்களையும் எழுப்பும்போதே உணவு சமூக வரலாற்றுச் சான்றாகின்றது. ஐக்கிய அமெரிக்காவின் தென்மாநிலமான லூசியானாவின் கிறியோல், கேஜன் உணவு மரபுகளை இந்நோக்கிலேயே இங்கு அணுகுகின்றோம்.

கிறியோல் உணவு நியூ ஓர்லியன்ஸ் நகருக்குரியது. கேஜன் உணவு அதற்கு மேற்கேயுள்ள சதுப்பு நிலங்களுக்கும் புல்வெளிகளுக்கும் உரியது என்பர். இவ்விளக்கம் தவறன்று, ஆயினும் போதுமானதன்று. 1755ஆம் ஆண்டு தொடக்கம் பிரித்தானியர் இன்றைய நோவா ஸ்கோஷியாப் பகுதியிலிருந்து, பிரெஞ்சு மொழி பேசிய அக்கேடியரை வெளியேற்றினர். அவர்களுள் ஒரு பகுதியினர் 1760களிலிருந்து லூசியானாவிற் குடியேறினர். இவர்களின் வழிவந்தோரே கேஜன் மக்கள். சிறு விவசாயிகளாகவும் மீனவராகவும் வாழ்ந்த இவர்களிடையே கிடைத்ததை ஒரே பானையிற் சமைக்கும் முறை நிலைபெற்றது. நகரிலோ துறைமுக வணிகமும் அடிமை உழைப்பும் வேறொரு அடுக்களையை உருவாக்கின. அங்கு சமைத்தவர் கறுப்பினப் பெண். மேசையில் அமர்ந்தவர் அவரது எசமானர்.

கும்போ என்னும் தடித்த குழம்பு இவ்வரலாற்றைத் தெளிவுறக் காட்டும். மாவைக் கொழுப்பிற் சிவக்க வறுக்கும் ‘ரூ’ பிரெஞ்சுச் சமையல் முறை. ‘ஃபிலே’ எனப்படும் சசாஃப்ராஸ் இலைத்தூள் சொக்டோ பழங்குடியினர் தந்தது. வெண்டி ஆபிரிக்காவிலிருந்து வந்தது. கும்போ என்ற பெயரே வெண்டியைக் குறிக்கும் பாண்டு மொழிச் சொல்லடியாகப் பிறந்ததென்பர். 1719இல் ஆபிரிக்காவிலிருந்து அடிமைக் கப்பல்கள் லூசியானாவை முதன்முதலாக அடைந்தன. அவ்வாறு கொணரப்பட்டோரின் நெற்செய்கை அறிவும் அவர்களுடன் வந்தது. பண்பாடுகளின் இனிய கலப்பு என உல்லாசப் பயண ஏடுகள் இதனைப் புகழும். கலப்பு உண்மையே, ஆனால் அது சமமானோரின் சந்திப்பன்று.

திங்கட்கிழமைகளிற் சிவப்பு அவரை விதையும் சோறும் உண்ணும் நகர வழக்கமும் உழைப்பின் சுவடே. அன்று துணி துவைக்கும் நாள். பெண்கள் வேலையில் மூழ்கியிருக்க, அதிக கவனிப்பின்றி அடுப்பில் மெல்ல வேகக்கூடிய உணவே அன்றைக்குப் பொருந்தியது.

உணவகங்களின் வரலாறு இம்முரண்பாட்டை மேலும் துலக்குகின்றது. 1840இல் நிறுவப்பட்ட அன்ரோயின்ஸ் பிரெஞ்சு நாகரிகத்தின் சின்னமாகப் போற்றப்பட்டது. இனவொதுக்கற் காலத்தில் இத்தகைய உணவகங்களிற் கறுப்பின மக்கள் சமைக்கலாம். அமர்ந்து உண்ண முடியாது. லீனா றிச்சர்ட் என்ற கறுப்பினச் சமையற் கலைஞர் 1939இல் தமது சமையல் நூலைத் தாமே வெளியிட்டார். பிறர் பெயரில் வழங்கிய அறிவுக்கு அதனைப் படைத்தோர் உரிமை கோரிய செயல் இது. 1941இல் தொடங்கிய டூக்கி சேஸ் உணவகத்தின் மேல்மாடியில், லேயா சேஸ் பரிமாறிய கும்போவை உண்டவாறே கறுப்பினத்தவரும் வெள்ளையரும் சட்டத்தை மீறி ஒன்றுகூடிக் குடியுரிமைப் போராட்டத்தைத் திட்டமிட்டனர்.

கேஜன் மக்களின் அனுபவம் வேறுவகையானது. 1921ஆம் ஆண்டு மாநில யாப்பு ஆங்கிலத்தையே பாடசாலை மொழியாக்கியது; பிரெஞ்சு பேசிய சிறுவர் தண்டிக்கப்பட்டனர். ஆனால் குத்தகை விவசாயக் குடும்பத்திற் பிறந்த போல் புருதோம் 1979இல் நியூ ஓர்லியன்சில் உணவகம் திறந்தபின், கேஜன் என்ற சொல்லே விற்பனைச் சரக்காயிற்று. அவர் கருக வாட்டிச் சமைத்த ரெட்ஃபிஷ் மீனுக்கு எழுந்த கேள்வி அம்மீனினத்தையே அருகச் செய்தது. 1980களில் மெக்சிக்கோ வளைகுடாவின் கூட்டாட்சிக் கடற்பரப்பில் அதனை வணிகத்துக்காகப் பிடித்தல் தடைசெய்யப்பட்டது. ஒரு மக்களின் நாவிலிருந்து மொழியைப் பறித்த அதே சமூக அமைப்பு, அவர்தம் சுவையை மட்டும் சந்தைக்கு எடுத்துக்கொண்டது.

ஆதலின் இவ்வுணவுகளைப் போலியென ஒதுக்குதலோ, வெறுமனே வியத்தலோ ஆய்வாகாது. அடக்குமுறைக்குள்ளும் மக்கள் படைத்தனர். படைத்ததைச் சந்தை கவர்ந்தது. டூக்கி சேஸ் மேல்மாடியில் அதுவே போராட்டத்துக்கும் துணைநின்றது. இம்மூன்றையும் ஒருங்கே நோக்குதலே பண்பாட்டு ஆய்வாளரின் கடமையாகும்.