மௌனப்படத்தின் மொழி எது? பழவேற்காட்டின் இருமொழிக் கரையிலிருந்து சென்னைத் தொடக்ககாலத் திரைவணிகம் குறித்த ஒரு நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

சென்னையில் 1910களின் இறுதி முதல் 1930களின் தொடக்கம் வரை தயாரிக்கப்பட்ட மௌனப்படங்களைத் ‘தமிழ்ப் படம்’, ‘தெலுங்குப் படம்’ எனப் பிரித்துப் பட்டியலிடுவது இன்று வழக்கமாகியுள்ளது. இப்பகுப்பு அக்காலத் திரைவணிகத்தின் இயல்புக்குப் பொருந்துமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் பழவேற்காடு ஏரிக்கரை மீனவக் குப்பங்கள் இவ்வினாவை எழுப்பும் களமாகக் கொள்ளப்படுகின்றன. மௌனப்படத்தின் மொழி படச்சுருளில் நிலைபெற்றிருக்கவில்லை; அது காட்சிதோறும் கொட்டகையில் உருவானது என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: மௌனப்படம், எழுத்தட்டை, கூடாரத் திரையரங்கு, பழவேற்காடு, சென்னை மாகாணம், இருமொழியம்.

முன்னுரை

தமிழ்த் திரைப்பட வரலாற்றை எழுதும் நூல்கள் பலவும் ஆர். நடராஜ முதலியாரின் ‘கீசகவதம்’ படத்தை முதல் தமிழ்ப் படம் என்று குறிப்பிடுகின்றன. தெலுங்குத் திரை வரலாறு ரகுபதி வெங்கையாவைத் தன் தந்தையாகக் கொண்டாடுகிறது. அவருடைய மகன் ஆர். பிரகாஷ் பங்கேற்று 1921இல் உருவாக்கிய ‘பீஷ்ம பிரதிக்ஞா’ அங்கு முதலிடம் பெறுகிறது. இவ்விரு படங்களும் சென்னையில் உருவானவை. இரண்டிலும் ஒரு சொல்லேனும் ஒலிக்கவில்லை. அவ்வாறாயின் ஒன்று தமிழாகவும் மற்றொன்று தெலுங்காகவும் ஆனது எவ்வாறு?

இவ்வினா வெறும் பெயரிடல் சிக்கலன்று. ஒரு படம் எந்த மொழியின் உடைமை என்று முடிவு செய்யப்படுகிறதோ, அதனைத் தேடும் பொறுப்பும் அம்மொழியின் ஆய்வாளருக்கே உரியதாகிவிடுகிறது. இரு மொழிக்கும் பொதுவானவை இரு தரப்பாரின் கவனத்திலிருந்தும் நழுவுகின்றன. இருமொழி வழங்கும் பழவேற்காட்டுக் கரையில் வளர்ந்த இக்கட்டுரையாளருக்கு இது ஏட்டறிவால் மட்டும் எழுந்த ஐயமன்று.

ஏரியும் எல்லையும்

சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. இன்று அதன் பரப்பின் பெரும்பகுதி ஆந்திரப் பிரதேசத்திலும் தென்பகுதி தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்திலும் உள்ளன. மௌனப்படக் காலத்தில் இம்மாநில எல்லை இல்லை. ஏரியைச் சூழ்ந்த ஊர்கள் செங்கல்பட்டு, நெல்லூர் ஆகிய மாவட்டங்களில் அடங்கியிருந்தன. இரண்டும் சென்னை மாகாணத்தின் பகுதிகளே. ஆந்திர மாநிலம் 1953 அக்டோபர் 1இல் உருவானது. தொடர்ந்த எல்லைச் சீரமைப்பு 1960 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்தது.

மொழி இந்த எல்லையைப் பின்பற்றி அமையவில்லை. நெல்லூர்க் கரையின் பட்டப்பு மீனவர் வீட்டில் தமிழும் வெளியில் தெலுங்கும் பேசுகின்றனர். தென்கரைக் குப்பங்களில் வலைத்தொழில் புரியும் பட்டினவருக்கும் தெலுங்கு அயலானதன்று. மீன்பிடிப் பரப்பைக் குடும்பங்களுக்கு முறைவைத்துப் பகிரும் ‘பாடு’ என்னும் மரபும் மாநில எல்லைக்கு முற்பட்டது. பக்கிங்காம் கால்வாய் ஏரியின் வழியே சென்னையையும் தெலுங்குக் கடற்கரையையும் இணைத்தது. உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் அதில் சென்றன. சென்னை – கூடூர் இருப்புப்பாதை பொன்னேரி வழியாக வடக்கே சென்றது. சென்னையைச் சந்தையாகக் கொண்ட இப்பகுதி மக்களுக்குத் தமிழும் தெலுங்கும் ஒரே நாளில் மாறிமாறிக் கையாளும் கருவிகளாக இருந்தன.

சென்னைத் திரைவணிகர் எதிர்கொண்ட மக்கள்திரள் இத்தகையதே. சென்னை நகரமும் பழவேற்காட்டைப் போன்று இருமொழிப் பரப்பாகவே இருந்தது. ஒரு கொட்டகையின் தரைச்சீட்டில் அமர்ந்திருப்போர் ஒரே மொழியினர் என்று எந்த உரிமையாளரும் கருதியிருக்க இயலாது.

கூடாரமும் கொட்டகையும்

சென்னையில் 1897இல் விக்டோரியா பொதுக்கூடத்தில் சலனப்படம் காட்டப்பட்டது. பின்னர் மவுண்ட் ரோட்டில் வார்விக் மேஜர் எலெக்ட்ரிக் தியேட்டரை நடத்தினார். ஆயினும் தென்னிந்தியச் சிற்றூர்களுக்குச் சினிமாவைக் கொண்டுசென்றவை நிலையான அரங்குகள் அல்ல, இடம்பெயரும் கூடாரங்களே. திருச்சியில் தென்னிந்திய இரயில்வேயில் வரைவாளராகப் பணிபுரிந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் டூபான்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து படவீழ்த்தியையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கி ஊர் ஊராகக் காட்டத் தொடங்கினார். அவரிடம் இருந்தவற்றுள் இயேசுவின் வாழ்வைக் காட்டும் படமும் ஒன்று. பின்னர் 1914இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் அரங்கை நிறுவினார்.

சென்னையில் ஒளிப்படக் கலைஞராயிருந்த ரகுபதி வெங்கையாவும் இதே பாதையில் வந்தவர். இசைத்தட்டையும் படத்தையும் இணைத்து இயக்கும் குரோனோமெகாபோன் கருவியுடன் பயணக் காட்சிகள் நடத்திய அவர், 1914இல் கெயிட்டி அரங்கைக் கட்டினார். தங்கசாலைத் தெருவின் கிரவுன், புரசைவாக்கத்தின் குளோப் ஆகியனவும் அவருடைய அரங்குகளே.

கூடாரக் காட்சியாளரின் வணிகக் கணக்கு எளியது. அக்காலத்தில் சுருள்களை விலைக்கு வாங்குவதே தொடக்கமுறை. வாங்கிய படம் தேய்ந்து அறும்வரை புதிய புதிய மக்களுக்குக் காட்டப்பட்டால்தான் முதல் மீளும். ஆகவே படம் ஓரிடத்தில் தங்காமல் காட்சியாளரே நகர்ந்தார். தமிழூரிலிருந்து தெலுங்கூருக்குச் செல்லும்போது அவர் சுருளை மாற்றவேண்டிய தேவை இல்லை; விளக்கிச் சொல்பவரின் மொழி மாறினால் போதும். வாடகை முறையும் விநியோகஸ்தரும் பெருகிய பின்னரும் இந்த வசதி நீங்கவில்லை. மொழி கடந்து செல்லும் இயல்பு மௌனப்படத்தின் கலைப்பண்பு என்று போற்றப்படுவதுண்டு; தென்னிந்தியாவில் அது முதலீட்டைக் காக்கும் வழியாகவும் இருந்தது.

எழுத்தட்டையும் குரலும்

காட்சிகளுக்கிடையே தோன்றும் எழுத்தட்டைகளே மௌனப்படத்தில் மொழி புகுந்த இடம். புரசைவாக்கம் மில்லர் சாலையில் இந்தியா பிலிம் கம்பெனியை நிறுவிய நடராஜ முதலியார், ஸ்டூவர்ட் ஸ்மித் என்னும் ஆங்கில ஒளிப்பதிவாளரிடம் தொழில் கற்றவர். அவருடைய ‘கீசகவதம்’ 1917–18 காலத்தில் வெளிவந்தது. அதன் எழுத்தட்டைகள் தமிழில் மட்டும் அமையவில்லை. ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருந்தன. இந்தி வாசகங்களை எழுதியவர் காந்தியடிகளின் மகன் தேவதாஸ் காந்தி எனக் குறிக்கப்படுகிறது. முதல் தமிழ்ப் படம் எனப் போற்றப்படும் படமே பன்மொழிச் சந்தையை நோக்கி உருவானது என்பது இதனால் விளங்கும்.

அடுத்து எழும் வினா, அந்த அட்டைகளைப் படித்தவர் எத்தனை பேர் என்பது. அக்காலச் சென்னை மாகாணத்தில் எழுத்தறிவு பெற்றோர் பத்தில் ஒருவர் அளவிலேயே இருந்தனர். மீனவக் குப்பங்கள், உழவர் சேரிகள் ஆகியவற்றில் இவ்வளவு கூட இருந்திராது. அட்டையைப் படிக்க இயலாதார்க்குக் கதையைச் சொன்னது மனிதக் குரல். திரையருகே நின்று எழுத்தட்டைகளை உரக்கப் படித்தும், பாத்திரங்களை அறிமுகம் செய்தும், காட்சிகளை விளக்கியும் வந்தவர்கள் தென்னிந்தியக் கொட்டகைகளில் பணியாற்றினர். ஜப்பானில் இதே பணியைச் செய்த ‘பென்ஷி’ என்போர் நடிகரினும் புகழ்பெற்றிருந்தனர். தென்னிந்திய விளக்குநர்க்கு அத்தகைய புகழ் கிட்டவில்லை. எனினும் அவர் ஆற்றிய பணி அதனினும் சிறியதன்று. பாரதக் கதையைத் தெருக்கூத்தில் கண்டு பழகிய மக்களுக்குக் கட்டியங்காரனின் குரலைப் போன்றே இக்குரலும் இயல்பாக இருந்திருக்கும்.

இதனால் பெறப்படுவது ஒன்று. ஒரே சுருள் ஓரூரில் தமிழ்ப் படமாகவும் மற்றோரூரில் தெலுங்குப் படமாகவும் காணப்படக்கூடியது. பழவேற்காட்டுக் கரை போன்ற இருமொழிச் சூழலில், ஒரே காட்சியில் இரண்டுமாகவும் காணப்படக்கூடியது. மொழி சுருளின் பண்பாக அன்றி நிகழ்வின் பண்பாகவே இருந்தது.

தயாரிப்பும் சந்தையும்

தயாரிப்புத் துறையிலும் இதே நிலையைக் காணலாம். பிரகாஷ் தொழில்பயின்று திரும்பிய பின் உருவான ஸ்டார் ஆஃப் தி ஈஸ்ட் நிறுவனமும், ஏ. நாராயணன் 1929இல் தொடங்கிய ஜெனரல் பிக்சர்ஸ் கார்ப்பரேஷனும், ஆர். பத்மநாபனின் அசோசியேட்டட் பிலிம்ஸும் சென்னையில் இயங்கின. புராணக் கதைகள் மிகுதியாக எடுக்கப்பட்டதற்குப் பக்தி ஒன்றே காரணமன்று. பாரதமும் இராமாயணமும் மொழி கடந்து முன்பே அறியப்பட்டவை. விளக்கத்தின் தேவையைக் குறைத்தவை. மொழிவேறுபட்ட சந்தையில் அவையே இழப்பு குறைந்த முதலீடு.

வெளிநாட்டுப் படங்களே அரங்குகளை நிறைத்திருந்த காலம் அது. அமெரிக்கத் தொடர்படங்களின் வீரர் எடி போலோ சென்னை மக்களின் விருப்ப நாயகராயிருந்தார். இந்நிலையை ஆராய 1927இல் அமைக்கப்பட்ட இந்தியத் திரைப்படக் குழுவுக்குச் சென்னை வழக்கறிஞர் டி. ரங்காச்சாரியார் தலைமை வகித்தார். குழு 353 சாட்சிகளை விசாரித்து 1928இல் அறிக்கை அளித்தது. இந்தியத் தயாரிப்புக்கு ஊக்கமளிக்கும் அதன் பரிந்துரைகளை அரசு பெரும்பாலும் நிறைவேற்றவில்லை. அக்குழுவின் ஆய்வுப்பொருள் ‘இந்தியப் படம்’ எதிர் ‘அயல்நாட்டுப் படம்’ என்பதாகவே இருந்தது. தமிழ், தெலுங்கு என்னும் பகுப்பு அன்றைய திரைத்தொழிலின் தலைமை வினாவாக எழவில்லை.

ஒலியும் பிரிவும்

‘ஆலம் ஆரா’ 1931 மார்ச் 14இல் பம்பாயில் வெளிவந்தது. அவ்வாண்டு அக்டோபர் 31இல் சென்னை கினிமா சென்ட்ரல் அரங்கில் ‘காளிதாஸ்’ வெளியானது. தமிழின் முதல் பேசும்படம் என வழங்கும் அப்படத்தில் டி. பி. ராஜலட்சுமி தமிழில் பேசிப் பாட, வேறு பாத்திரங்கள் தெலுங்கில் பேசின. இதனைத் தொழில்நுட்பம் முதிராத நிலையின் குறைபாடாகவே வரலாற்றாசிரியர் பலரும் கருதுகின்றனர். மௌனப்படக் காலச் சந்தையின் பின்னணியில் நோக்கினால், ‘காளிதாஸ்’ பழைய இருமொழிக் கொட்டகையின் இறுதிச் சான்றாகத் தோன்றுகிறது. கொட்டகையில் விளக்குநர் செய்த பணியைப் பேசும்படத்தின் ஒலிப்பதிவு தன்னுள் எடுத்துக்கொண்டது. அதன்பின் ஒரு சுருளுக்கு ஒரு மொழி என்பது வணிக நியதியாயிற்று. மௌனப்படங்களுக்கு நாம் இன்று இடும் மொழிப்பெயர் இந்நியதியைப் பின்னோக்கி ஏற்றியதன் விளைவே.

மறுப்பும் விளக்கமும்

இக்கருத்துக்கு ஒரு மறுப்பு எழலாம். ராஜா சாண்டோ இயக்கிய ‘அனாதைப் பெண்’ (1931) வை. மு. கோதைநாயகி அம்மாளின் தமிழ் நாவலைத் தழுவியது. இத்தகைய படத்தைத் தமிழ்ப் படம் என்பதில் தவறென்ன? கதைமூலத்தால் தமிழ்ச் சார்புடையது என்று கூறுவது முற்றிலும் பொருந்தும். மௌனக் காலத்தின் இறுதியில் தமிழ் வாசகர் கூட்டத்தைக் கருதிய படங்கள் தோன்றின என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் கதைமூலம், எழுத்தட்டை மொழி, தயாரிப்பிடம், காட்சி மொழி ஆகிய நான்கும் வெவ்வேறு செய்திகள். ஒன்றைக் கொண்டு மற்ற மூன்றையும் மூடிவிடுவதே பிழை.

மலையாளத் திரை வரலாறும் இதற்குச் சான்று தருகிறது. ‘விகதகுமாரன்’ படத்தை உருவாக்கி மலையாள சினிமாவின் தந்தை எனப்படும் ஜே. சி. டேனியல் பிறந்த அகஸ்தீஸ்வரம் இன்று தமிழ்நாட்டில் உள்ளது. தென்னிந்திய மௌனப்படங்களுள் எஞ்சிய அரிய படம் ‘மார்த்தாண்ட வர்மா’ (1933). சி. வி. ராமன் பிள்ளையின் நாவல் குறித்த பதிப்புரிமை வழக்கால் திரையிலிருந்து நீங்கிய அதன் சுருள், 1974இல் புனேவிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தை அடைந்தது. அதன் எழுத்தட்டைகள் ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் உள்ளன. நைட்ரேட் சுருள்கள் எளிதில் தீப்பற்றுபவை. பயன் முடிந்தபின் வெள்ளிக்காக உருக்கப்பட்டவையும் உண்டு. ‘கீசகவதம்’, ‘பீஷ்ம பிரதிக்ஞா’, ‘காளிதாஸ்’ ஆகியவற்றின் படி ஒன்றேனும் இன்று கிடைக்கவில்லை.

முடிவுரை

படங்கள் அழிந்துவிட்ட நிலையில் நமக்கு எஞ்சுவது பட்டியல்களே. அப்பட்டியல்களே படங்களின் இயல்பைத் திரித்துக் காட்டுமாயின் இழப்பு இருமடங்காகும். ஆகவே தென்னிந்திய மௌனப்படங்களை மொழிவாரியாக அன்றி, தயாரிப்பிடம், நிறுவனம், எழுத்தட்டை மொழிகள், கதைமூலம், காட்சிப்பரப்பு என்னும் தனித்தனிக் கூறுகளின் அடிப்படையில் அட்டவணைப்படுத்துதல் வேண்டும். ‘முதல் தமிழ்ப் படம்’ என்னும் தொடருக்கு மாற்றாகச் ‘சென்னையில் தயாரான முதல் கதைப்படம்’ என்று குறிப்பிடுவது துல்லியமானது. நடராஜ முதலியாரின் பெருமை அதனால் சிறிதும் குறையாது. தமிழ், தெலுங்கு நாளிதழ்களின் அரங்க விளம்பரங்களை இரு மொழி அறிந்த ஆய்வாளர்கள் ஒருங்கே நோக்குவது அடுத்த பணியாகும்.

பழவேற்காட்டு ஏரியின் நீர்ப்பரப்பில் மாநில எல்லை வரைகோடாகத் தெரிவதில்லை; மீன் அதனை அறிவதில்லை. ஆயினும் அக்கோட்டின் பெயரால் இருகரை மீனவர்க்கிடையே பூசல்கள் நிகழ்கின்றன. பிற்காலத்துக் கோட்டை முற்காலத்து நீரின்மேல் வரையும் அதே பிழையைத் திரை வரலாற்றிலும் நாம் செய்யலாகாது.