தாயின் களைப்பு சோம்பல் அல்ல

இடம்பெயர்ந்த வாழ்வில் களைப்பு எல்லோருக்கும் பொதுவானது. 2006இல் சம்பூர், மூதூர் கிழக்கு மக்கள் ஊரைவிட்டு வெளியேறிக் கிளிவெட்டி, கட்டைபறிச்சான் முகாம்களில் ஆண்டுக்கணக்கில் இருந்தனர். 2015, 2016ஆம் ஆண்டுகளில் காணி திரும்பக் கிடைத்தபோது, பற்றை வெட்டிக் கிணறு இறைத்து முதலிலிருந்தே தொடங்கினர். இத்தகைய குடும்பங்களில் பிள்ளை பெற்ற தாய் “எனக்கு ஏலாது” என்றால் அதை நோயாக யாரும் எண்ணுவதில்லை. கழுத்திலுள்ள சிறு சுரப்பியொன்றும் அதற்குக் காரணமாகலாம் என்பதை இங்கு எடுத்துக்கூற விரும்புகிறோம்.

தைரொயிட் செய்யும் வேலை

குரல்வளைக்குக் கீழே வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்த தைரொயிட் சுரப்பி, உணவிலுள்ள அயடீனைக் கொண்டு தைரொக்சினைச் சுரக்கிறது. உடற்சூடு, இதயத்துடிப்பு, மனநிலை யாவும் இதில் தங்கியுள்ளன. முதல் 3 மாதங்களில் சிசு இதனைத் தாயிடமிருந்தே பெறுகிறது. அதன் மூளை வளர்ச்சிக்கு இது அவசியம். ஆகவே ஏற்கெனவே தைரொக்சின் குளிசை எடுக்கும் பெண் கருவுற்றதும் அதை நிறுத்தலாகாது. பெரும்பாலும் அளவைக் கூட்ட வேண்டிவரும். கருவுற்றது தெரிந்தவுடனேயே வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

பிள்ளை பிறந்த பின்

பிரசவத்தின்பின் ஓராண்டுக்குள் 100 தாய்மாரில் ஏறக்குறைய 5 பேருக்கு இச்சுரப்பியில் அழற்சி ஏற்படுகிறது. சிலருக்கு முதலில் சுரப்பு மிகுந்து படபடப்பு, வியர்வை, எரிச்சல் தோன்றும். சில மாதங்களில் சுரப்புக் குறைந்து களைப்பு, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், மறதி, மனச்சோர்வு வரும். வீட்டார் “சோம்பேறி” என்பர். சிலர் நூல் கட்டுவிப்பர். தாயும் தன்னையே நொந்துகொள்வாள். இரத்தச்சோகையும் இவ்வாறே களைப்பைத் தரும். இரத்தப் பரிசோதனை செய்தால் உண்மை தெரியும். பலருக்கு ஓராண்டளவில் சுகமாகிவிடும். சிலருக்குத் தொடர்ந்து மருந்து தேவை.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

1. தைரொக்சினைக் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீருடன் எடுக்கவும். தேநீரும் உணவும் அரைமணி நேரத்தின் பின்னரே. கிளினிக்கில் தரும் இரும்புச்சத்து, கல்சியம் குளிசைகளை 4 மணித்தியாலம் கழித்து எடுக்கவும். சோயா கலந்த திரிபோஷாவையும் சேர்த்து உண்ண வேண்டாம்.

2. தகரக் கொட்டிலின் வெக்கை மருந்தைக் கெடுக்கும். குளிசையை உறையுடன் குளிர்ந்த மூலையில் வைக்கவும்.

3. 1995 முதல் நம் நாட்டில் உணவுக்கான உப்பில் அயடீன் சேர்ப்பது சட்டமாகும். உப்பளத்திலிருந்து நேரே வரும் கல்லுப்பு மலிவுதான். ஆனால் அதில் போதிய அயடீன் இல்லை. அயடீன் உப்பை மூடிய போத்தலில் அடுப்புக்கு அப்பால் வைத்து, கறி இறக்கும்போது போடவும்.

4. மரவள்ளியே முக்கிய உணவாகும் நாட்களில் அதை நீரில் நன்றாக அவித்து, அந்நீரை ஊற்றிவிடவும்.

5. தைரொக்சின் எடுக்கும் தாய் தயங்காமல் தாய்ப்பால் கொடுக்கலாம். குழந்தையின் குதிக்காலில் இரத்தத்துளி எடுப்பதைத் தடுக்க வேண்டாம். பிறவித் தைரொயிட் குறையை அது காட்டிக்கொடுக்கும்.

ஊர் செய்ய வேண்டியது

பெரும்போக வேலை நாளில் கிளினிக் நாளும் வந்தால் தாய் வயலுக்கே போகிறாள். அன்று அவளது பங்கு வேலையைக் கணவனும் அயலவரும் ஏற்கட்டும். மூத்த பிள்ளைகளைப் பார்ப்பதையும் பஸ் காசு கொடுத்துதவுவதையும் மாதர் சங்கம் பொறுப்பேற்கலாம். களைப்பு நீங்காத தாயை மருத்துவமாதுவிடம் ஒருவர் கூட்டிச்செல்லட்டும். ஓடவேண்டி வந்தபோதெல்லாம் நாம் காணி உறுதியையும் அடையாள அட்டையையும் ஒரு பையில் கட்டிக்கொண்டோம். கிளினிக் புத்தகமும் மருந்துத் துண்டும் இனி அதே பையில் இருக்கட்டும்.