நாம் கேட்கும் முதற் கேள்வி

ஏறக்குறையப் பத்தாண்டுகளுக்கு முன்னர் ஒருநாள், விளக்கு வைக்கும் நேரம். என்னிடம் உயர்தர வகுப்பிற் கற்ற மாணவனொருவன் தன் தமக்கையுடன் எம் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்தான். விறாந்தையிற் கிடந்த கதிரையின் நுனியில் அப்பெண் அமர்ந்து, கைக்குட்டையை விரலிற் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். வேலை முடிந்து திரும்பும் வழியில், நன்கு அறிமுகமான ஒருவனால் தனக்கு நேர்ந்த கொடுமையை நாலைந்து சொற்களிற் சொல்லி முடித்தாள்.

நான் கேட்டேன்: "பிள்ளை, அந்த நேரத்தில் அந்தப் பக்கம் ஏன் போனீர்?"

தீய எண்ணத்தோடு கேட்டேனல்லேன். பதற்றத்தில் நாவில் வந்தது அதுவே. ஆயினும் அக்கணமே அவள் விரல்கள் அசைவற்று நின்றன. "ஒன்றுமில்லை, சேர்" என்று எழுந்து போனாள். பின்னர் அதுபற்றி எவரிடமும் அவள் வாய்திறக்கவில்லையென்று தம்பி வாயிலாக அறிந்தேன். பொலிஸில் முறைப்பாடு செய்வதா விடுவதா என்று அவள் தீர்மானிக்கவில்லை. என் கேள்வியே அவளுக்காகத் தீர்மானித்துவிட்டது. அந்தக் கடனைச் சிறிதேனும் இறுக்கும் பொருட்டே இதனை எழுதுகின்றேன்.

களவு கொடுத்தவர் கள்வரா?

ஒரு வீட்டில் நகை களவு போனால், களவு கொடுத்தவரைக் கள்வரென்று ஊர் சொல்வதில்லை. பாலியல் வன்கொடுமையில் மட்டும் பழி முழுவதும் பாதிக்கப்பட்டவரின் தலையிற் சுமத்தப்படுகின்றது. மானம் போயிற்று என்கிறோம். யாருடைய மானம்? குற்றம் புரிந்தவனுடைய மானமன்றோ போயிருத்தல் வேண்டும்?

"ஏன் கூக்குரலிடவில்லை? காயம் எங்கே?" என்று கேட்பவர்கள் உண்டு. பேரச்சத்தில் உடல் விறைத்துப் போதலும் குரல் எழாமையும் மனித இயல்பு. நடந்ததை ஒழுங்காகச் சொல்ல இயலாது நினைவு முன்பின்னாகக் குழம்புவதும் இயல்பே. அதனைப் பொய்யின் அடையாளமாகக் கொள்ளலாகாது. நமது சட்டமும் காயத்தைக் கேட்பதில்லை. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டத்தினால் திருத்தப்பட்டபோது, சம்மதமின்மையை நிரூபிப்பதற்கு உடற்காயம் போன்ற எதிர்ப்பின் சான்று இன்றியமையாததன்று என்று தெளிவாக எழுதப்பட்டது. சட்டமே கேளாத சாட்சியை நாம் ஏன் கேட்க வேண்டும்?

ஆகவே, துயருற்று வந்தவரிடம் சொல்லத்தக்கவை மூன்றே: "நீ சொல்வதை நம்புகிறேன். பிழை உன்னுடையதன்று. இப்போது உனக்கு என்ன வேண்டும்?" இவற்றைச் சொல்லிவிட்டு, வாய்மூடிச் செவி திறந்திருத்தலே பேருதவி.

காத்திராத காரியம்

வழக்கைப் பற்றி ஆறுதலாகச் சிந்திக்கலாம். உடல் அவ்வாறு காத்திராது. எயிட்ஸ் நோய்க் கிருமி தொற்றாமற் காக்கும் மருந்தை 72 மணித்தியாலத்துக்குள், எவ்வளவு விரைவில் இயலுமோ அவ்வளவு விரைவில், தொடங்குதல் வேண்டும். கருத்தரிப்பைத் தடுக்கும் அவசர மாத்திரையும் காலந் தாழ்த்தத் தாழ்த்தப் பயன் குன்றும். எனவே முதலிற் போகவேண்டிய இடம் அரசினர் ஆஸ்பத்திரி. பல ஆஸ்பத்திரிகளில், சிங்களத்தில் 'மிதுரு பியச' என்றும் தமிழில் 'நட்பு நிலையம்' என்றும் வழங்கும் பிரிவு, இத்தகைய துன்பத்துக்கு ஆளானோருக்கென்றே இயங்குகின்றது.

சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனைக்குரிய படிவத்தைப் பொலிஸாரே வழங்குவர். ஆனால் காயத்துக்கு மருந்திடுவதும் நோய் வாராது காப்பதும் அப்படிவத்துக்காகக் காத்திருக்க வேண்டியவையல்ல. இயலுமாயின் பரிசோதனைக்கு முன் குளித்தலையும் உடை கழுவுதலையும் தவிர்த்தல் நன்று. அணிந்திருந்த உடையைப் பொலித்தீன் பையில் இட்டால் ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். கடதாசிப் பையே ஏற்றது. குளித்துவிட்டாலும் எல்லாம் முடிந்துவிடவில்லை. அதற்காக அவரைக் கடிந்துகொள்ளலாகாது.

முடிவு யாருடையது?

முறைப்பாடு பற்றிய பேச்சு எழும்போது வீட்டில் இரு குரல்கள் கேட்கும். "குடும்ப மானம் போய்விடும், மூடி வை" என்பது ஒன்று. "இன்றைக்கே பொலிஸுக்குப் போ, அவனை விடக்கூடாது" என்பது மற்றொன்று. முன்னதில் அச்சமும் பின்னதிற் கோபமும் பேசுகின்றன. இரண்டும் ஒரு வகையில் ஒன்றே: பாதிக்கப்பட்டவரின் வாயிலிருந்து முடிவைப் பறித்துக்கொள்கின்றன. அவருடைய விருப்பத்தை மதியாமையே அவருக்கு இழைக்கப்பட்ட கொடுமையின் வேர். அவரைக் காக்க முற்படும் நாமும் அதனையே செய்யலாமா?

வயது வந்த ஒருவரின் முறைப்பாடு அவருடைய முடிவு. உண்மைகளை ஒளியாது முன்வைப்பதே நமது பணி. வன்புணர்ச்சிக் குற்றத்துக்குச் சட்டம் 7 ஆண்டு முதல் 20 ஆண்டு வரை கடூழியச் சிறை விதிக்கின்றது, நட்டஈடும் உண்டு. பாதிக்கப்பட்டவரின் பெயரையோ அடையாளத்தையோ மன்றின் அனுமதியின்றி வெளியிடுதல் குற்றமாகும். சாட்சிகளையும் பாதிக்கப்பட்டோரையும் பாதுகாக்க 2015இல் ஒரு சட்டமும், அதனிடத்தில் 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டமும் இயற்றப்பட்டன. இணக்கசபையிலோ ஊர்ப் பெரியவர் முன்னிலையிலோ சமரசஞ் செய்து இக்குற்றத்தை முடித்துவிட இயலாது. குற்றவாளிக்கே மணமுடித்து வைப்பதால் குற்றம் அழியாது. கொடுமை வீட்டுக்குள் குடிபுகும், அவ்வளவே.

மறுபுறத்தையும் சொல்லவேண்டும். நீதவான் மன்றில் தொடங்கும் வழக்கு, சட்டமா அதிபரின் குற்றப்பத்திரத்துடன் மேல் நீதிமன்றை அடைந்து தீர்ப்புப் பெற ஆண்டுகள் பல செல்லும். குறுக்கு விசாரணை மனத்தை வாட்டும். இவற்றை எண்ணி ஒருவர் பின்வாங்கினால் அவர் கோழையல்லர். இன்று வேண்டாமென்றவர் பிறிதொருநாள் துணிவதும் உண்டு. இக்குற்றத்துக்கு வழக்குத் தொடரும் உரிமை 20 ஆண்டுகள் வரை இருக்கின்றது; ஆயினும் நாள் செல்லச் செல்லச் சான்றுகள் மறையும். இவ்விரண்டையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

முறைப்பாடு செய்யத் துணிந்தவர் தனியே போகலாகாது; நம்பிக்கையான ஒருவர் உடன் செல்லட்டும். பொலிஸ் நிலையத்துப் பெண்கள், சிறுவர் பிரிவில் பெண் அதிகாரியிடம் பேச வேண்டுமென்று கேட்கலாம். தமிழிற் கருமமாற்றுதல் அரசியலமைப்புத் தந்த உரிமை. எழுதியதை வாசித்துக் காட்டும்படி கேட்டு, விளங்கிய பின்னரே கையொப்பமிடுதல் வேண்டும். ஆலோசனைக்குப் பெண்களுக்கான 1938 என்ற தொலைபேசி இலக்கமும், பொலிஸ் பெண்கள், சிறுவர் பணியகத்தின் 109 என்ற இலக்கமும் உள்ளன.

சிறுவர் விடயம் வேறு

பாதிக்கப்பட்டவர் சிறு பிள்ளையாயின் மேற்சொன்னது பொருந்தாது. தன்னைக் காத்துக்கொள்ளும் முடிவைப் பிள்ளையின் தலையிற் சுமத்தலாகாது. அது பெரியோரின் கடமை. கொடுமை செய்தவன் உறவினனாயினும், ஆசிரியனாயினும் மூடிமறைத்தல் பாவம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம் 1929. ஆண்பிள்ளைகளுக்கும் இது நேர்வதுண்டு; சட்டம் அதனையும் பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகமாகத் தண்டிக்கின்றது.

மீண்டும் ஒரு மாலை

சில ஆண்டுகளின் பின் எம் படலை மீண்டும் ஒரு மாலையில் திறந்தது. வந்தவள் வேறொரு பெண். அவள் யாரென அறியாவண்ணம் விவரங்களைத் தவிர்க்கின்றேன். இம்முறை நான் காரணம் கேட்கவில்லை. என் மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்து, அருகில் அமர்ந்தாள். "இப்ப உமக்கு என்ன வேணும், பிள்ளை?" என்றேன்.

"கொஞ்ச நேரம் இப்படியே இருக்கவேணும், சேர்."

இருந்தாள். ஒரு மணித்தியாலத்தின் பின், "ஆஸ்பத்திரிக்குப் போவம், அன்ரி. பொலிஸைப் பற்றிப் பிறகு யோசிக்கிறன்" என்றாள். என் மனைவி அன்றே அவளுடன் போனாள். இரண்டு கிழமை கழித்து, தன் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு, அவளாகவே பொலிஸ் நிலையம் சென்றாள்.

தீர்ப்பு எவ்வாறாயினும் ஆகுக. அந்தப் படியில் ஏறிய முடிவு அவளுடையது. பெற்றோரே, மாணவர்களே, உங்கள் படலையும் ஒருநாள் அவ்வாறு திறக்கக்கூடும். நான் முதல்நாள் கேட்ட கேள்வியை நீங்கள் கேளாதிருப்பீர்களாக.