ஈரல் நோயை மறைக்காதீர்கள்!



2021 மார்ச் மாதம். பத்து காஜாவுக்கு அப்பால் ஒரு பழைய ரப்பர்த் தோட்டம். ரப்பர் போய் செம்பனை வந்து வெகு காலமாயிற்று. லயத்தில் பத்துப் பன்னிரண்டு குடும்பங்களே மிச்சம். பாழடைந்து கிடந்த ஆயா கொட்டகையில் ஒரு மேசையைப் போட்டு, கொரோனாத் தடுப்பூசிக்கு ஆட்களைப் பதிந்துகொண்டிருந்தேன். மைசெஜாத்ரா என்றால் என்னவென்றே தெரியாதவர்கள், கைப்பேசியே இல்லாதவர்கள் என்று வரிசை நீண்டிருந்தது.

ஒரு அண்ணன் வந்தார். வயது 54. முப்பது வருஷம் பால்மரம் வெட்டியவர். பெயர், ஐ.சி. எண் எல்லாம் எழுதியாயிற்று. "நோய் நொடி ஏதும் இருக்காண்ணே?" என்று கேட்டேன். அவர் திரும்பிப் பார்த்தார். பின்னால் சம்பந்தி வீட்டுக்காரர்கள் நின்றிருந்தார்கள். "ஒன்னும் இல்ல தம்பி. இல்லேன்னு போட்டுக்க" என்றார்.

அவருக்கு ஈரல் சுருக்கம் இருந்தது எனக்குத் தெரியும். வயிறு வீங்கி, கண் மஞ்சளாகிக் கிடந்தவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனதே நான்தான். தெரிந்திருந்தும் "இல்லை" என்றே பதிந்தேன். நாலு பேர் முன்னால் அவர் மானத்தை வாங்குவானேன் என்று நினைத்துவிட்டேன்.

நாட்டில் தடுப்பூசித் திட்டம் 2021 பிப்ரவரி 24ஆம் தேதி தொடங்கியது. முதலில் முன்களப் பணியாளர்கள். ஏப்ரலில் தொடங்கிய இரண்டாம் கட்டம் 60 வயதைத் தாண்டியவர்களுக்கும், நாட்பட்ட நோயாளிகளுக்கும். நோய் இல்லை என்றவர்கள் அதற்குப் பிறகுதான். அண்ணன் காத்துக் கிடந்தார். ஜூலை நடுவில் தொற்று வந்துவிட்டது. எட்டாம் நாள் போய்விட்டார். அடக்கம் முடிந்த நாலாம் நாள் என் கைப்பேசிக்குச் செய்தி வந்தது, அவர் ஊசி போட வரலாம் என்று!

ஊசி போட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று சத்தியம் செய்ய நான் டாக்டர் இல்லை. ஆனால் அவருக்கு முன்னதாகவே கிடைக்க வேண்டிய இடத்தைக் கெடுத்ததில் எனக்கும் பங்கு உண்டு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

குடிகாரன் வியாதியா?

அந்த அண்ணன் கள்ளோ சம்சுவோ தொட்டதில்லை. அவருக்கு வந்தது ஹெப்பாடைட்டிஸ் பி கிருமியால். ஆனால் ஈரல் கெட்டது என்றாலே "குடிச்சுக் கெடுத்துக்கிட்டான்" என்று சொல்வது நம் லயத்துப் பழக்கம். குடி நம்மைக் கெடுக்கவில்லை என்று சொல்ல வரவில்லை. கெடாவில் பீடோங் பக்கத்துத் தோட்டங்களில் 1947ல் கள்ளுக்கடையை எதிர்த்துத் தொண்டர் படை மறியல் செய்தது சும்மாவா? ஆனால் குடி ஒன்றுதான் காரணம் என்பது தவறு.

ஹெப்பாடைட்டிஸ் பி தாயிடமிருந்து பிறக்கும் பிள்ளைக்கும் ஒட்டும். மலேசியாவில் பிறந்த குழந்தைகளுக்கு அதற்கான தடுப்பூசி 1989ல்தான் வழக்கத்துக்கு வந்தது. அதற்கு முன் லயத்தில் பிறந்த நமக்கு அந்தக் காப்பு இல்லை. இனிப்பு நீர், உடல் பருமன் உள்ளவர்களுக்கு ஈரலில் கொழுப்பு சேர்ந்தும் கெடும். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? குடித்துக் கெட்டவராகவே இருக்கட்டும். அவர் உயிர் மட்டும் உயிர் இல்லையா?

கணக்கு என்ன சொல்கிறது?

29 நாடுகளில் கொரோனா கண்ட 745 ஈரல் நோயாளிகளின் விவரத்தை ஆராய்ந்து 2021ல் வெளியிட்டார்கள். ஈரல் சுருக்கம் இல்லாதவர்களில் 100க்கு 8 பேர் இறந்தார்கள். சுருக்கம் உள்ளவர்களில் 100க்கு 32 பேர். நோய் முற்றிப்போனவர்களிலோ 100க்கு 51 பேர், அதாவது இருவரில் ஒருவர்!

ஊசி பலன் தருமா என்றால், தரும். அமெரிக்காவில் ஈரல் சுருக்கம் உள்ள முன்னாள் படைவீரர்களிடம் பார்த்ததில், இரண்டாவது ஊசிக்குப் பின் தொற்று முக்கால் பங்குக்கு மேல் குறைந்திருந்தது.

"ஊசி ஈரலைக் கெடுக்கும்" என்று அப்போது ஒரு வதந்தி ஓடியது. நம் நாட்டில் போட்ட பைசர், சினோவேக், அஸ்ட்ராஜெனிகா எதிலும் உயிருள்ள கொரோனாக் கிருமி கிடையாது. ஊசிக்குப் பின் ஈரல் அழற்சி வந்ததாக மிக அபூர்வமாகப் பதிவுகள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை மருந்துக்குக் கட்டுப்பட்டன. கொரோனாவின் ஆபத்து அதைவிடப் பல மடங்கு பெரிது.

ஒட்டு ஈரல்

ரப்பர்க் கன்றில் ஒட்டுக் கட்டியது நம்மில் பலருக்கு ஞாபகம் இருக்கும். ஒட்டு பிடித்துக்கொண்டால் மரம் அதைத் தன் கிளையாகவே வளர்க்கும். மனித உடம்பு அப்படி இல்லை. வேறொருவர் ஈரலை வைத்தால், "இது அந்நியன்" என்று எதிர்த்து நிற்கும். அந்த எதிர்ப்பை அடக்கத்தான் மாற்று ஈரல் பெற்றவர்கள் தினமும் மருந்து சாப்பிடுகிறார்கள். பேராக்கிலிருந்து செலாயாங் மருத்துவமனை வரை போய்ச் சிகிச்சை பெற்று வருபவர்களுக்கு இது தெரியும்.

அதே மருந்து ஊசியின் பலனையும் குறைத்துவிடுகிறது. இஸ்ரேலில் மாற்று ஈரல் பெற்ற 80 பேருக்கு இரண்டு பைசர் ஊசி போட்டுப் பார்த்தார்கள். அவர்களில் பாதிக்கும் குறைவானவர்களுக்கே இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி தென்பட்டது. ஆகவே, இரண்டு ஊசி போட்டாயிற்று என்று இவர்கள் சும்மா இருக்க முடியாது. 2021ன் பிற்பகுதியில் இத்தகையவர்களுக்கு மூன்றாவது ஊசி கொடுத்தது இதனால்தான். அதற்காக, "ஊசி நல்லா பிடிக்கட்டும்" என்று மருந்தை நீங்களே நிறுத்திவிடாதீர்கள். ஒட்டு ஈரலே போய்விடும்!

இனி செய்ய வேண்டியது

உலகச் சுகாதார நிறுவனம் கொரோனா அவசர நிலையை 2023 மே 5ல் முடித்துக்கொண்டது. கிருமி முடிந்துபோகவில்லை. ஈரல் நோயாளிகள் அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது, "எனக்கு இன்னொரு ஊசி தேவையா? எப்போது?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். புதிதாக ஈரல் மாற்றியவர்கள் சில காலம் பொறுக்க வேண்டியிருக்கும். அந்தத் தேதியை டாக்டர்தான் சொல்ல வேண்டும். வீட்டில் உள்ளவர்களும் ஊசி போட்டுக்கொண்டால் நோயாளிக்கு அது வேலி.

ஈரல் சுருக்கம் உள்ளவர்களுக்கு இரத்தம் உறைவது தாமதமாகலாம். ஊசி போட்ட இடத்தைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடியுங்கள். காய்ச்சலுக்குப் பெனடோலை இஷ்டத்துக்கு விழுங்காதீர்கள். எத்தனை மாத்திரை என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் சம்பளம் போகுமே என்று கிளினிக்கைத் தள்ளிப் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சட்டப்படி சம்பளத்துடன் நோய் விடுப்பு உங்கள் உரிமை. இரண்டு ஆண்டுக்குக் குறைவான சேவைக்கு 14 நாள், ஐந்து ஆண்டுக்குக் குறைவானால் 18, அதற்கு மேல் 22. மருத்துவமனையில் படுத்தால் 60 நாள். தர மறுத்தால் சங்கத்துக்கு வாருங்கள்.

கடைசியாக ஒன்று. நாலு பேர் முன்னால் சொல்ல வெட்கமாக இருந்தால், நோயின் பெயரையும் மருந்தின் பெயரையும் ஒரு தாளில் எழுதி வாங்கி, ஐ.சி.யோடு வைத்துக்கொள்ளுங்கள். கேட்கிற இடத்தில் அந்தத் தாளை நீட்டினால் போதும். வாய் திறக்க வேண்டியதில்லை.

நானும் மாறிவிட்டேன். இப்போதெல்லாம் எந்தப் பாரம் நிரப்பினாலும் வரிசையைத் தள்ளி நிற்க வைக்கிறேன். ஒவ்வொருவராக உட்கார வைத்து, மெதுவாகக் கேட்கிறேன். "இல்ல தம்பி" என்று யாராவது சொன்னால், முகத்தைப் பார்த்து இன்னொரு தடவை கேட்கிறேன்.