ஒட்டேடும் மின்னேடும்

கண்டதையும் கேட்டதையும் காத்துவைக்க விரும்புதல் மக்களின் இயல்பு. நாளிதழ்ச் செய்தி, திருமண அழைப்பிதழ், நிழற்படம் முதலியவற்றைத் தாளில் ஒட்டித் தொகுத்த ஏட்டை ஒட்டேடு எனலாம். அவற்றையே கணிப்பொறியில் படியெடுத்துத் தொகுத்தால் அது மின்னேடு.

இத்தகைய துணுக்குகளைத் திரட்டுவதிலேயே வாழ்நாளைச் செலவிட்டவர் ரோஜா முத்தையா. செட்டிநாட்டுக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்த அவர், பழைய நூல்களோடு, பிறர் குப்பையென எறியும் அழைப்பிதழ்களையும் நாடகத் துண்டறிக்கைகளையும் பல்லாண்டு சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின், சிகாகோப் பல்கலைக்கழகத்தின் துணையால் 1994இல் அத்தொகுதி சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. அது முதலில் அமைந்த இடம், மேனாம்பேட்டுக்கு அணித்தேயுள்ள முகப்பேர். பின்னர்த் தரமணிக்கு மாறியது. அந்நூலகத்தார் தாள்களைப் பூட்டிவைத்ததோடு அமையாது, முதலில் நுண்படச் சுருளிலும் பின்னர்க் கணிப்பொறியிலும் படியெடுத்தனர். ஏன்?

தாள் நிலையாதது. செய்தித்தாள் செய்யும் மரக்கூழில் லிக்னின் என்னும் பொருள் தங்கிவிடுகிறது. வெளிச்சமும் காற்றும் படப்பட, அதனால் தாள் மஞ்சளித்து நொறுங்கும். மாவுப்பசையோ இராமபாணப் பூச்சிக்கு விருந்து! 2015, 2023 ஆகிய ஆண்டுகளின் டிசம்பர் வெள்ளத்தில், சென்னையிலும் புறநகரிலும் நீர் புகுந்த வீடுகள் பல. நனைந்த ஏட்டின் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டினால் பிரித்தல் அரிது. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபோது, வேறெங்கும் படியில்லாத ஏட்டுச்சுவடிகளும் சாம்பலாயின. ஒரே படியாக இருப்பதுதான் ஒட்டேட்டின் பெருங்குறை. மின்னேட்டுக்கோ எத்தனை படியும் எடுக்கலாம். அண்ணன் வீட்டில் ஒன்றும் அயல்நாட்டில் வாழும் அத்தை வீட்டில் ஒன்றும் இருக்கலாம்.

மின்னேடு செய்யும் முறை அரிதன்று. தாளை ஸ்கேனர்க் கருவியில் வைத்து, அங்குலத்துக்கு 300 புள்ளிக்குக் குறையாமல் படியெடுக்க வேண்டும். பின்புறத்தையும் எடுத்தல் நன்று. பசையிட்டு ஒட்டியபின் அப்பக்கத்தை எவரும் காண இயலாது. பின்னர்ப் பின்னணி, படம், எழுத்து ஆகியவற்றைத் தனித்தனி அடுக்குகளாகத் திரையில் அமைக்கலாம். ஓர் அடுக்கை நகர்த்தினால் மற்றவை கெடா. கத்தரிக்கோல் வெட்டியது வெட்டியதே. இங்கு வெட்டியதையும் மீட்கலாம். மூலப்படியைத் தொடாமல் வேறொரு படியில் வேலை செய்தால் அச்சமே இல்லை.

ஆயினும் மின்னேடு தானே தன்னைக் காத்துக்கொள்ளாது. வட்டு பழுதுபட்டால் ஆயிரம் படங்கள் ஒரு நொடியில் மறையும். ஆகவே வெவ்வேறு இடங்களில் இரு படிகளேனும் இருத்தல் வேண்டும்.

அதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. பழைய ஒட்டேட்டில் படத்தின் கீழ்ப் பெயர் எழுதுவர். கணிப்பொறியோ படத்துக்கு வெறும் எண்ணை இடும். ‘படம் 4312’ என்பதில் நிற்பவர் யார் என்று ஐம்பதாண்டு கழித்து எவர் அறிவார்? பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் எழுதிவைத்தால், வேண்டியதைச் சொல்லால் தேடி நொடியில் எடுக்கலாம். எழுதாவிடில் அது அடையாளமற்ற முகம். மாணவர்களே, உங்கள் வீட்டுப் பழைய படங்களில் உள்ளோரைப் பாட்டியார் ஒருவரே அறிந்திருக்கக்கூடும். இவ்விடுமுறையிலேயே அவரருகில் அமர்ந்து, ஒவ்வொரு படமாகக் காட்டிப் பெயர் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். படியெடுத்து முடித்தபின் தாளை எறிந்துவிடாதீர்கள்; ஈரம் படாத பெட்டியில் வையுங்கள்.